பயிற்சி பெற்றோருக்கு

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்து வைத்து சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறான். "ஆண் பிள்ளை, லேட்டாகத்தான் பேசுவான்" என்கிறார் பாட்டி. டாக்டரும் அதையே சொல்லி அனுப்பிவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு போய்விடும். ஆட்டிஸம் என்ற வார்த்தை பல பெற்றோரின் காதில் விழுவதற்குள் குழந்தைக்குப் பள்ளி செல்லும் வயது வந்துவிடுகிறது.

அபூர்வமான பிரச்னை அல்ல இது. ஹிமாசலப் பிரதேசத்தின் காங்ரா, ஹைதராபாத் உட்பட ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 2018-ல் வெளியானது. செவித்திறன் குறைபாடு, வலிப்பு, ஆட்டிஸம் என ஏழு வகைக் குறைபாடுகளில் ஒன்றாவது இருந்தவர்கள், ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 9.2 சதவிகிதம், ஒன்பது வகைக் குறைபாடுகளில் ஒன்றாவது இருந்தவர்கள், ஆறு முதல் ஒன்பது வயதினரில் 13.6 சதவிகிதம். இத்தனை பேருக்குப் பேச்சுப் பயிற்சியாளர்களும் சிறப்பு ஆசிரியர்களும் எங்கே கிடைப்பார்கள்? இருப்பவர்களும் பெருநகரங்களில்தான். அங்கேயும் வாரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குழந்தை வீட்டில், அம்மாவோடு.

அந்த அம்மாவுக்கே கற்றுக்கொடுத்தால் என்ன? டெல்லியில் 1991-ல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிஸம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவா, தானே ஆட்டிஸம் உள்ள பிள்ளையின் தாய். அங்கே நடக்கும் சுமார் மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர்களிலிருந்தும் பெற்றோர் குழந்தையோடு வந்து தங்குகிறார்கள். குழந்தையை நிபுணரிடம் ஒப்படைத்துவிட்டு வராந்தாவில் காத்திருக்கும் வேலை இல்லை. பாடம் நடத்துவது பெற்றோர். பக்கத்திலிருந்து திருத்துவது நிபுணர்.

இன்னும் ஒரு படி மேலே போனது கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த சோதனை. முடிவுகள் 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் அச்சாயின. நிபுணர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர், அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுப்பார். பிறகு அதைப் போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?" என்கிற ரீதியில் பேசுவார். மொத்தம் பன்னிரண்டு சந்திப்புகள். குழந்தையின் போக்கை அனுசரித்துப் பதில் தரப் பெற்றோர் பழகினார்கள். குழந்தைகள் தாங்களாக முன்வந்து தொடர்பு கொள்வதும் அதிகரித்தது. ஆனால் இருவரும் சேர்ந்து ஒரே விஷயத்தில் கவனம் செலுத்தும் நேரம் குறைந்திருந்தது! நிபுணரே தேவையில்லை என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பணியாளருக்குப் பயிற்சி தரவும், தவறும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் அவர் வேண்டும்.

சுமை யார் தலையில் என்பது வேறு விஷயம். 'பெற்றோர் பயிற்சி' என்று பெயர் இருந்தாலும் வேலையை விடுவது பெரும்பாலும் அம்மாதான். பரீட்சைக்குப் படிப்பதுபோல் ராப்பகலாகப் பயிற்சி கொடுத்துக் களைத்துப்போகும் தாய்க்கு அப்பாவும் மாமியாரும் கைகொடுக்காவிட்டால் எந்தத் திட்டமும் நிலைக்காது.

சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிஸத்துக்கு இடமில்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சேர்ந்தது. 2016-ன் சட்டத்தில் 21 குறைபாடுகளில் ஒன்றானது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், மாவட்டந்தோறும் ஆரம்ப நிலைச் சிகிச்சை மையங்களை அமைக்கச் சொல்கிறது. முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

இந்த இடைவெளியில்தான் 'குணப்படுத்துகிறோம்' என்பவர்கள் கடை விரிக்கிறார்கள். ஆட்டிஸத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்கில்லை, அதை விளம்பரம் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. சிறப்பு ஆசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 1992-ன் சட்டம். பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.