பெயர்களைக் காக்கும் நகரம்

சீனாவின் பழைய தலைநகரங்களுள் ஒன்றான நான்ஜிங்கை ஒரே நாளில் சுற்றிப் பார்க்கலாம்.

காலையில் சோங்ஹுவா வாயில். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்நகர மதிலின் செங்கற்கள் பலவற்றில் செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கல் பழுதானால் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்கவே இந்த ஏற்பாடு.

நண்பகலில், 1985இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம். 1937 டிசெம்பரில் நகரைக் கைப்பற்றிய யப்பானியப் படை நடத்திய படுகொலையில் மாண்டவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவரில் உள்ளன.

அடுத்து, ஜின்லிங் மகளிர் கல்லூரி இருந்த வளாகம். அந்நாட்களில் மினி வோட்ரின் என்ற அமெரிக்க ஆசிரியை சுமார் 10,000 பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இங்கு அடைக்கலம் கொடுத்தார். படையினர் புகுந்து சிலரை இழுத்துச் சென்றபோதும் அவர் வாயிலில் காவல் நின்றார். இன்று அங்கே பல்கலைக்கழக மாணவிகள் படிக்கின்றனர்.

மாலையில் சின்ஹுவாய் ஆற்றங்கரையில் விளக்குகள் ஒளிரும். சகோதரிகளே, மாண்டவர் பெயரைச் சொல்லி நினைப்பதும் அந்நகருக்கு வாழ்வின் ஒரு பகுதியே.