வீட்டிலிருந்து ஷெட்டுக்கு கரன்ட்: கடைசி 40 மீட்டர் யார் பொறுப்பு?

இன்னைக்கு எபிசோட்ல நம்ம வீட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல இருந்து ஆரம்பிக்கலாம். வண்டி நிக்கிறது பின்னாடி ஷெட்ல, பிளக் பாயின்ட் இருக்கிறது வீட்டுக்குள்ள. நடுவுல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஜன்னல் வழியா ஒயரை விட்டுடுவாங்க. இதுதான் பல வீட்டுல நடக்கிற கதை.

எங்க சித்தப்பா வீடு சதுரங்கப்பட்டினத்துல இருக்கு. டச்சுக் கோட்டைக்கு ஊர்ல பேரு உண்டு. பக்கத்துலயே கல்பாக்கம் அணுமின் நிலையம், 1984ல முதல் யூனிட் வணிக ரீதியா ஓட ஆரம்பிச்சது. ஆனா அவ்வளவு பெரிய மின் நிலையம் பக்கத்துல இருந்தாலும், மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒயருக்கு நாமதான் பொறுப்பு. சித்தப்பா வீட்டுல இருந்து தகர ஷெட்டுக்கு 40 மீட்டர். அந்த 40 மீட்டரை வெச்சே பேசுவோம்.

முதல்ல ஒயர் தடிமன். கரன்ட் போக, திரும்ப வரன்னு ரெண்டு பக்கமும் சேர்த்து 80 மீட்டர் தாமிரம். 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்னா அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.6 ஓம். 16 ஆம்பியர் இழுத்தா 9.5 வோல்ட் வழியிலேயே போயிடும், அதாவது 4 சதவீதத்துக்கு மேல. ஒயர் சூடானா இன்னும் கூடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டா இழப்பு சுமார் 6 வோல்ட். ஸ்கூட்டர் சார்ஜருக்கு மட்டும்னா 2.5 தாராளம். ஆனா நாளைக்கு வெல்டிங் மெஷினோ, காரோ வரலாம். பள்ளம் ஒருமுறைதான் தோண்டுறோம், அதனால பெருசாவே போட்டுடுங்க.

சரி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். "எர்த் குழி போட்டிருக்கோம், எம்சிபி இருக்கு, போதாதா?"ன்னு கேப்பீங்க. போதாது. ஏன்னு கணக்கு போட்டுப் பாருங்க.

கடற்கரை மணல் காய்ஞ்சிருந்தா கரன்டை சரியா கடத்தாது. உதாரணத்துக்கு எர்த்தோட ரெசிஸ்டன்ஸ் 50 ஓம்னு வெச்சுக்குவோம். ஃபேஸ் ஒயர் உரிஞ்சு தகரத்துல படுது. 230ஐ 50ஆல வகுத்தா 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதைப் பார்த்து அசையவே அசையாது. அது பாட்டுக்கு ஆன்ல இருக்கும், தகர ஷெட் முழுக்க கரன்ட் நிக்கும். மழை நேரத்துல ஈரக் கையோட யாராவது கதவைத் தொட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

இங்கதான் ஆர்சிசிபி வருது. அது ஃபேஸ்ல போற கரன்ட்டும் நியூட்ரல்ல திரும்புற கரன்ட்டும் சமமான்னு பாத்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கட் பண்ணிடும். நம்ம கணக்குல கசிஞ்ச 4.6 ஆம்பியர் அதுக்கு மலை மாதிரி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு பிடிச்சா ஆர்சிசிபிக்குத் தெரியாது. ஓவர்லோடும் அதுக்குத் தெரியாது. அதனால எம்சிபியும் வேணும், ஆர்சிசிபியும் வேணும்.

ரெண்டுமே வீட்டு முனையில இருக்கணும். அப்பதான் நடுவுல இருக்கிற கேபிளுக்கும் பாதுகாப்பு. ஷெட்ல தனியா ஒரு ஸ்விட்ச் வெச்சுக்கலாம். "அடிக்கடி ட்ரிப் ஆகுது சார்"ன்னு சொல்லி ஆர்சிசிபியை பைபாஸ் பண்ண யாரையும் விடாதீங்க. எங்கேயோ கசிவு இருக்கு, இல்ல வேற லைன் நியூட்ரல் கலந்திருக்குன்னு அது சொல்லுது. ஷெட்ல நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணா முடிச்சு விடுறதும் கூடாது.

கேபிள் எப்படிப் போகணும்? மரத்துலயும் துணிக்கொடியிலயும் ஒயரைத் தொங்க விடாதீங்க. மூணு கோர் ஆர்மர்ட் கேபிளை வாங்கி, சுமார் 75 சென்டிமீட்டர் ஆழத்துல, மணல் படுக்கை மேல போட்டு, அதுக்கு மேல செங்கல் அடுக்கி மூடுங்க. நாளைக்கு தென்னங்கன்று வைக்க யாராவது கடப்பாரை போட்டாலும் முதல்ல செங்கல் தட்டும். மூணாவது கோர்தான் எர்த், கேபிளோட இரும்புக் கவசத்தையும் எர்த்தோட சேர்த்துடணும்.

நம்ம கடற்கரைல உப்புக் காத்து வேற. இரும்பு பாக்ஸ் சீக்கிரமே துருப்பிடிக்கும், டெர்மினல் பச்சை படியும், லூஸ் ஆகும், சூடாகும். அதனால தண்ணி புகாத பிளாஸ்டிக் பாக்ஸா வாங்குங்க.

ஒரு சட்ட விஷயமும் இருக்கு. வீட்டு இணைப்புல ஷெட்டுக்குள்ள வாட்டர் சர்வீஸோ கடையோ ஆரம்பிச்சா, அது வேற கட்டண வகை. 2003 மின்சாரச் சட்டத்தோட 126வது பிரிவுப்படி அனுமதி இல்லாத பயன்பாடா கணக்கு போட்டு இரட்டைக் கட்டணம் கேக்கலாம். தொழில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இபி ஆபீஸ்ல கேட்டு தனி இணைப்பு வாங்கிடுங்க.

இந்த வேலையை யூடியூப் பாத்து நீங்களே பண்ணாதீங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்கிட்ட குடுங்க. நான் இவ்வளவு சொன்னதும் அவர்கிட்ட சரியான கேள்வி கேக்கத்தான்: "ஆர்சிசிபி எத்தனை மில்லி ஆம்பியர்? எர்த் ரெசிஸ்டன்ஸ் அளந்தீங்களா? கேபிள் எத்தனை ஸ்கொயர் எம்எம்?" இதுக்கு உடனே பதில் சொல்றவர்னா நம்பிக் குடுக்கலாம்.

இப்போ ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல ஆர்சிசிபி இருந்தா, அதுல 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கும். ஃபேன், கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு அதை அழுத்துங்க. டக்குனு விழணும். விழலைன்னா இன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மாசம் ஒருமுறை இதைப் பண்ணிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!