வைக்கோலில் மறைந்துள்ள சர்க்கரை

நெல் வைக்கோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ் என்னும் பொருளாகும். குளுகோஸ் சர்க்கரையின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் இணைவதால் செல்லுலோஸ் உண்டாகிறது. இச்சங்கிலியை அறுத்தால் கிடைக்கும் சர்க்கரையை ஈஸ்டினால் புளிக்கச் செய்து எத்தனால் தயாரிக்கலாம்; எத்தனாலைப் பெட்ரோலுடன் கலந்து எரிபொருளாக உபயோகிக்கலாம்.

பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. ஆகையால் விவசாயிகள் பலர் வைக்கோலை வயலிலேயே எரித்துவிடுகின்றனர். அதிலுள்ள சர்க்கரையும் அதனோடு புகையாய்ப் போகிறது.

இயற்கை அமைத்த அரண்

இச்சர்க்கரை எளிதில் கிட்டுவதில்லை. கான்கிரீட்டினுள் இரும்புக் கம்பிகள் பதிந்திருப்பதுபோல், செல்லுலோஸ் இழைகள் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய பொருள்களால் சூழப்பட்டுள்ளன. செல்லுலோஸை அறுக்கவல்ல என்சைம்கள் பருமனான புரதங்களாதலால் இவ்வரணுள் நுழைய இயலா. எனவே, முதலில் அரணைத் தளர்த்துதல் வேண்டும். இதனை முன்பக்குவம் எனலாம்.

கிராமத்தில் அறிந்த முறை

விஸ்தரிப்பு ஊழியர்களுக்கு இத்தத்துவம் புதிதன்று. 4 கிலோ யூரியாவை 40 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் தெளித்து, காற்றுப் புகாதவாறு மூன்று வாரம் மூடிவைத்துக் கால்நடைத் தீவனம் தயாரிக்கிறோம். யூரியாவிலிருந்து அம்மோனியா வெளிப்பட்டு, லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையேயுள்ள பிணைப்புகள் சிலவற்றை அறுக்கிறது. நார் உப்பி இளகுகிறது. பின்னர் மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களின் என்சைம்கள் செல்லுலோஸை எளிதில் அடைகின்றன. எத்தனால் தொழிற்சாலை செய்வதும் இதுவே. ஆனால் மூன்று வார வேலையை அது மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கவேண்டியுள்ளது.

தொழிற்சாலை முறைகள்

நீர்த்த கந்தக அமிலத்துடன் வைக்கோலை 140 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வரையிலான உஷ்ணத்தில் சூடாக்குவது ஒரு முறை. இதில் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து, பெரும்பாலும் ஸைலோஸ் என்னும் சர்க்கரையாகிறது. உயர் அழுத்த நீராவியில் வைத்து, அழுத்தத்தைத் திடீரென விடுவித்து நாரைச் சிதறச் செய்வது மற்றொரு முறை. காரங்கள் முக்கியமாக லிக்னினைக் கரைக்கின்றன. பாசிகளில் லிக்னின் ஏறக்குறைய இல்லையாதலால் மென்மையான பக்குவமே போதும். ஆனால் அவற்றில் நீர் மிகுதி.

எம்முறையிலும் அளவறிதல் இன்றியமையாதது. சூடு குறைந்தால் அரண் தளராது. மிகுந்தால் ஸைலோஸ் சிதைந்து பர்பூரல் என்னும் பொருள் உண்டாகி, ஈஸ்டின் வேலையைத் தடுக்கும். சர்க்கரையும் நஷ்டம், புளித்தலும் கெடும். மேலும், சாதாரண ஈஸ்ட் ஸைலோஸைப் புளிக்கச் செய்யாது. அதற்குத் தனி வகை ஈஸ்டுகள் தேவை.

கணக்கு கூறுவது

ஒரு டன் வைக்கோலில் 350 கிலோ செல்லுலோஸ் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் மாறினால் ஏறத்தாழ 389 கிலோ குளுகோஸும், அதிலிருந்து சுமார் 250 லிட்டர் எத்தனாலும் கிடைக்கவேண்டும். ஹரியானாவிலுள்ள பானிபட்டில் 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை திறந்துவைக்கப்பட்டது. அப்போது கூறப்பட்ட திட்ட அளவு, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். இவ்விடைவெளியைக் குறைப்பதில் முன்பக்குவத்திற்குப் பெரும் பங்குண்டு.

நமது பங்கு

ஆலைக்குச் செல்லும் வைக்கோல் உலர்ந்ததாயும் மண் கலவாததாயும் இருத்தல் வேண்டும். ஈர வைக்கோல் போரிலேயே மக்கி, சர்க்கரையை இழக்கும். மண் இயந்திரங்களைத் தேய்க்கும். இவ்விரண்டையும் வயலிலேயே விவசாயிகளுக்கு எடுத்துரைக்கலாம். ஆசிரியர்கள், வைக்கோல் துண்டுகளைச் சலவைச் சோடா கரைசலில் கொதிக்கவைத்து மாணவர்களுக்குக் காட்டலாம். நீர் மஞ்சளாகிப் பழுப்பேறும்; துண்டுகள் துவளும். அரண் தளர்வதை அவர்கள் கண்ணாலேயே காண்பர்.