கையை நீட்டக் கற்கும் பிள்ளைகள்



மூளை முடக்குவாதமுள்ள ஒரு பிள்ளை டம்ளரைப் பிடிப்பதற்கு ஏன் மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படுகிறது என்று ஆதரவாளர்கள் சிலர் கேட்கிறார்கள். காணிக்கை கொடுக்கிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விதான். நம் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சொல்லக் கேட்டவற்றை எளிய முறையில் எழுதுகிறேன்.

செரிபிரல் பால்சி எனப்படும் இந்நிலை, வளர்ந்துவரும் மூளைக்கு ஏற்படும் சேதத்தினால் உண்டாகிறது. அச்சேதம் கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ நேரிடலாம். குறைமாதப் பிறப்பு, பிராணவாயுக் குறைவு, கவனிக்கப்படாத கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை இதற்கான காரணங்களில் சில. 1861-ஆம் ஆண்டிலேயே லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் இதைக் குறித்து விளக்கினார். இது தொற்றுநோயல்ல. மூளையிலுள்ள சேதம் நாளுக்கு நாள் பெருகுவதுமில்லை. இது பெற்றோரின் பாவத்திற்கு வந்த தண்டனையுமல்ல. பிறவிக்குருடனைக் குறித்து சீஷர்கள் அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டபோது, ஆண்டவர் அந்த எண்ணத்தையே மறுத்துவிட்டதை நாம் அறிவோம்.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். அது தானாக நடக்கும் அனிச்சைச் செயல். சில மாதங்களில் அது மறைய, ஏறக்குறைய நான்காம் மாதத்தில் குழந்தை தான் விரும்பும் பொருளை நோக்கித் தானே கையை நீட்டத் தொடங்கும். ஆறு மாதமளவில் கிலுகிலுப்பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றும். ஒன்பது, பத்து மாதத்தில் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு பொரியைக் கிள்ளி எடுக்கும்.

இச்சிறு செயலுக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. கண் பொருளைக் கண்டு தூரத்தை அளக்கவேண்டும். கழுத்தும் முதுகும் உடலைத் தாங்கவேண்டும். தோள் கையை முன்னே கொண்டுபோகவேண்டும். கை பொருளைத் தொடுமுன்னே விரல்கள் அதன் அளவுக்கு விரியவேண்டும். பிடித்தபின் நழுவாதபடியும் நசுங்காதபடியும் அளவாய் அழுத்தவேண்டும். கடைசியாக, விரல்களைத் திறந்து அதை விடவேண்டும்.

மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையிடம் இவற்றில் ஒன்றோ பலவோ தடைப்படுகின்றன. தசை இறுகிய பிள்ளையின் கை மூடியே இருக்கும்; பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கிடக்கும். பிடித்ததை விடுவது பிடிப்பதைவிடக் கடினமாயிருக்கும். வேறு சில பிள்ளைகளுக்கு, கையை நீட்டியவுடன் கட்டுப்பாடில்லாத அசைவுகள் வந்து கை இலக்கைத் தவறிப்போகும். சிலருக்குக் கையில் இருப்பது இன்னதென்று தொட்டுணரும் உணர்வே குறைவு. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளை நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடும்; மற்றக் கையோ பயனற்றுப்போகும். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், "இடதுகைப் பழக்கம்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி முதலாவது உட்காரவைப்பதிலிருந்து தொடங்குகிறது. பிள்ளைக்கேற்ற நாற்காலியில் முதுகும் பாதங்களும் தாங்கப்படும்போது, விழுந்துவிடாமலிருக்கவே போராடிய கைகள் விளையாட விடுதலை பெறுகின்றன. ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, நல்ல கையில் மென்மையான உறையைச் சிறிது நேரம் மாட்டி, பலவீனமான கையை விளையாட்டில் ஈடுபடுத்துவார்கள். கைக்குழந்தைக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். அதையும் பயிற்சியாளரின் ஆலோசனைப்படியே செய்யவேண்டும். இன்னொரு முறையில் டப்பாவைத் திறப்பது, பந்தை அணைத்துப் பிடிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது போன்ற இருகை வேலைகளைக் கொடுப்பார்கள். 2013-ல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் உலகமெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, இவ்விரு முறைகளும் பலனளிப்பவற்றின் வரிசையில் இடம்பெற்றன. பிறர் கையை நீட்டிவிடுவதோ எண்ணெய் தேய்த்து நீவுவதோ மட்டும் இத்திறனைத் தராது. பிள்ளை தானே விரும்பி, தானே நீட்டி, திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மூளை வேகமாய் வளரும் முதல் இரண்டு ஆண்டுகள் இதற்கு மிகவும் அருமையான காலம்.

ஆனால் அக்காலத்தில்தான் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளையைச் சுமந்துகொண்டு இரண்டு பேருந்து மாறி வரும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றமோ மெதுவாகவே வருகிறது. உங்கள் காணிக்கை அந்தப் பேருந்துக் கட்டணமாகவும், நாற்காலியாகவும், பயிற்சியாளரின் சம்பளமாகவும் மாறி, அத்தாய் அடுத்த வாரமும் வர வழிசெய்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பயிற்சி மூளையின் சேதத்தை அழிப்பதில்லை. அற்புத சுகம் கிடைத்தது என்ற சாட்சியை நாங்கள் ஒவ்வொரு இதழிலும் தரமுடியாது. சில பிள்ளைகள் தாங்களே எடுத்து உண்பார்கள். சிலர் சட்டைக்குள் கையை நுழைக்குமளவுக்கு வருவார்கள். சிலருக்கு வேண்டியதைச் சுட்டிக்காட்டுவதே பெரிய ஆதாயம். ஆனாலும் "இது எனக்கு வேண்டும்" என்று காட்டத்தெரிந்த பிள்ளை, யாரோ ஊட்டுவதை மட்டும் பெற்றுக்கொண்டிருந்த பிள்ளையைப்போல் இராது. வீட்டாரும் அதன்பின் அதனிடம் கேட்கத் தொடங்குகிறார்கள்.

சூம்பின கையையுடைய மனுஷனை ஆண்டவர் ஜெப ஆலயத்தின் நடுவிலே நிற்கச் சொன்னார். பிறகு, அவனால் இயலாதிருந்த அதே செயலைச் செய்யும்படி அவனுக்குக் கட்டளையிட்டார். நம் சபைகளிலோ இப்பிள்ளைகள் பெரும்பாலும் கடைசி வரிசையில், தாயின் மடியில் மறைந்திருக்கிறார்கள். அவர்களை ஞாயிறு பள்ளியின் நடுவில் உட்காரவையுங்கள். காணிக்கைப் பை வரும்போது, அவர்கள் கையிலுள்ள நாணயத்தை நீங்கள் வாங்கிப் போட்டுவிடாதேயுங்கள். அந்த விரல்கள் திறக்க நேரமாகும். பை சற்று காத்திருக்கட்டும்.

இப்பிள்ளைகளுக்காகவும், சோர்ந்துபோகும் தாய்மாருக்காகவும், பொறுமையோடு உழைக்கும் நம் பயிற்சியாளர்களுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்