விரலில் சுழலும் நூல்கண்டு... கடலுக்கடியில் உயிர்க்காவல்!

வடக்கனந்தல் பக்கத்து கோமுகி அணையின் உயரம் 46 அடி. ஸ்கூபா டைவிங்கில் முதல்நிலைப் பயிற்சி முடித்தவர்கள் கடலில் 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி வரை இறங்கலாம். அணையைவிட ஆழம்! புதுச்சேரி கடலில் டைவிங் பழக ஆசையா? மேலே வரும்போது படகிடம் கவனமாக இருங்கள். நீருக்குள் ஆள் இருப்பது படகோட்டிக்குத் தெரியாது.

அதைத் தெரிவிக்க உதவுவதுதான் ஃபிங்கர் ஸ்பூல். நடுவில் விரல் நுழையும் துளையுள்ள நூல்கண்டு இது. கயிற்றின் நுனியில் ஆரஞ்சு நிற மிதவைப் பையைக் கட்டி, காற்று ஊதி விட்டால், பை மேலே பாயும். ஸ்பூல் விரலில் சுழலும்.

எதை வாங்கலாம்?

கயிறு ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். நீரோட்டத்தில் அது சாய்வாகத்தான் போகும். 18 மீட்டருக்கு இறங்குபவருக்கு 30 மீட்டர் கயிறு நல்லது. துளை, கையுறை போட்ட விரலுக்கும் பொருந்த வேண்டும். விளிம்பு வழவழப்பாக இருக்கட்டும்.

எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் மேலே பாருங்கள். பையில் கொஞ்சமாக ஊதுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் ஊதிய காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். ஸ்பூலை உடம்போடு ஒருபோதும் மாட்டாதீர்கள். கயிறு சிக்கினால் பை உங்களையும் இழுத்துச் செல்லும். வேகமாக மேலேறினால் நுரையீரல் கிழியக்கூடும். சிக்கினால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். ஸ்பூல் போனால் வேறு வாங்கலாம்!

வாங்கியதும் கடலுக்கோ அணைக்கோ ஓட வேண்டாம். பயிற்சியாளரோடு நீச்சல் குளத்தில் கை பழகட்டும்.