சிக்கனம் சந்தையிலே, தட்டிலே அன்று

பணம் குறையும்போது வீட்டிலே முதலிற் குறைவது எது? பெரும்பாலும் பிள்ளையின் தட்டிலுள்ள உணவுதான். மின்கட்டணத்தைக் குறைத்துச் செலுத்த முடியாது. பஸ் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்க முடியாது. கடைக் கொப்பியில் எழுதிய கடனும் தானாகக் குறையாது. முட்டையை நிறுத்துவதற்கோ எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆதலால், சிக்கனம் என்ற பெயரால் முதலில் முட்டை போகின்றது. பின்னர் மீன் போகின்றது. ஈற்றில் காலையுணவே வெறுந் தேநீராகச் சுருங்கிவிடுகின்றது. இதனைச் சிக்கனம் என்று கூறல் தகுமா? தகாது என்பதே எமது கருத்து.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலைமட்டம் ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்தது. ஆனால், வேகம் தணிதல் வேறு. விலை பழைய நிலைக்கு இறங்குதல் வேறு. இந்த வேறுபாட்டை அடுப்படியில் நிற்பவர்கள் நன்கு அறிவார்கள்.

அந்த ஆண்டில் ஒருநாள், எமது வகுப்பு மாணவன் ஒருவன் காலைப் பாடவேளையில் மயங்கி விழுந்தான். காலையில் என்ன உண்டாய் என்று வினவியபோது அவன் விடை கூறவில்லை. நாமும் மீண்டும் வினவவில்லை. அடுத்த கிழமை சதவீதக் கணக்குப் பாடம். ஒரு கிழமைக்கு வீட்டில் வாங்கிய பொருள்களையும் அவற்றின் நிறையையும் விலையையும் எழுதி வருமாறு மாணவர்களைக் கேட்டோம். பெயர்களை நீக்கிய பின்னர், அப்பட்டியல்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் கிலோ ஒன்றின் விலையைக் கணிக்கச் செய்தோம்.

விடை வந்தபோது வகுப்பு வியப்புற்றது. மிகக் குறைந்த பணத்தைச் செலவிட்ட வீடே கிலோவுக்கு மிகக் கூடிய விலையைக் கொடுத்திருந்தது! நாள்தோறும் ஒரு சிறு பொதி தேயிலை, ஒரு சிறு பொதி மிளகாய்த்தூள், நூறு கிராம் பருப்பு, அதுவும் கடனுக்கு. அப்பட்டியல் எவருடையது என்பதை வகுப்பு அறியாது; நாம் அறிவோம்.

முதலில் ஒரு கணக்கு

ஐம்பது கிராம் தேயிலைப் பொதி 120 ரூபா என்றும், நானூறு கிராம் பொதி 800 ரூபா என்றும் கொள்வோம். சிறு பொதிகள் எட்டு வாங்கினால் 960 ரூபா. ஒரே தேயிலைக்கு 160 ரூபா வீணாகின்றது. இவ்வாறே சீனி, பருப்பு, சவர்க்காரம் ஆகியவற்றுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய பொதி எப்பொழுதும் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புதலும் ஆகாது. நூறு கிராமின் விலையைக் கணித்து, காலாவதித் திகதியையும் பார்த்த பின்னரே பையில் இடல் வேண்டும். கணிதம் கற்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால், வீட்டுக்கும் நன்மை, பாடத்துக்கும் நன்மை.

“மொத்தமாக வாங்கக் கையில் முதல் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்கூலியில் வாழும் குடும்பம் எல்லாப் பொருளையும் ஒரே நாளில் மொத்தமாக வாங்க இயலாது. ஆனால், ஒரு பொருளை வாங்க இயலும். முதலில் தேயிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பெரிய பொதி ஒன்றை வாங்குங்கள். அதனால் மிஞ்சும் பணத்தை அடுத்த பொருளுக்கு முதலாக வையுங்கள். சில மாதங்களில் கடைக் கொப்பியின் பக்கங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகும்.

கூடி வாங்குதல்

தனித்து இயலாததைக் கூடிச் செய்யலாம். 1844 இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கொரு பவுணைச் சேர்த்து, மா, வெண்ணெய், சீனி முதலியவற்றை விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர். இன்றைய கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியது அக்கடையே. இலங்கையிலும், 1942 இல் போர்க்கால அரிசிப் பங்கீடு வந்தபோது கூட்டுறவுக் கடைகள் ஊர்தோறும் பெருகின. நமது ஊர்களில் நாம் சங்கக்கடை என்று அழைப்பது அவற்றின் வழிவந்ததே. ஊரிற் சங்கக்கடை இருப்பின் அதன் விலையை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையேல், ஒழுங்கையிலுள்ள மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு மூடை அரிசியோ பத்துக் கிலோ சீனியோ வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். நிறுக்கத் தராசு ஒன்றும், எழுதக் கொப்பி ஒன்றும், நேர்மையும் இருந்தாற் போதும்.

காலமும் இடமும்

வடக்கிலே மாரிநெல் அறுவடையாகும் தை, மாசி மாதங்களில் நெல்லை வாங்கிக் காயவைத்துச் சேமித்தல் நமது முன்னோர் கண்ட வழி. செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் மலிந்த வேளையில் வாங்கி, வறுத்து, மில்லில் அரைத்தெடுத்த கறித்தூள் பொதித்தூளிலும் மலிவு, மணமும் மிகுதி. சுன்னாகம், திருநெல்வேலி, கொடிகாமம் முதலிய சந்தைகளுக்குப் போகுமுன் வேண்டியவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். பட்டியலின்றிச் செல்பவர் கண்ணிற் பட்டதை வாங்குவர்.

பேரம் பேசுதலிலும் ஓர் அறம் உண்டு. கீரை விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாவுக்கு வாதாடிவிட்டு, பளபளக்கும் பொதியிலுள்ள பண்டத்துக்குக் கேட்ட விலையை வாய்திறவாமற் கொடுக்கின்றோம். வாதாட வேண்டிய இடம் வேறு. வணிகர் விலைகளைக் காட்சிக்கு வைத்தலும், கேட்டாற் பற்றுச்சீட்டு அளித்தலும் 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விதிக்கும் கடமைகள். முறைப்பாடு செய்ய 1977 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

குறைக்கக் கூடாதவை

மிச்சப்படுத்திய பணம் எங்கே செல்லவேண்டும்? பிள்ளையின் தட்டுக்கே செல்லவேண்டும். விலையுயர்ந்த பெரிய மீன் இன்றேல் நெத்தலி போதும். சிறுமீனை முள்ளோடு உண்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பருப்பும் பயறும் கௌபியும் புரதம் தருவன. வேலியோரத்து முருங்கையிலை விலையின்றிக் கிடைப்பது. இனிப்புப் பானத்தையும் பொதியில் வரும் பொரியலையும் நிறுத்துங்கள், முட்டையை நிறுத்தாதீர்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கொளியிற் படித்தவர்களுள் நாமும் ஒருவர். சவர்க்காரத்தையும் எண்ணெயையும் அளந்து அளந்து செலவிட்ட எமது தாயார், எமது தட்டில் மட்டும் அளந்து வைத்ததில்லை. சிக்கனத்தின் எல்லை எது என்பதை அன்றே கற்றோம்.

அந்த மாணவனின் தாயார் அயல்வீட்டார் இருவருடன் கூடிப் பொருள் வாங்கத் தொடங்கினார் என்று பின்னர் அறிந்தோம். அவருக்கு நாம் உபதேசம் ஏதும் செய்யவில்லை. மகன் கரும்பலகைக் கணக்கைக் கொப்பியில் எழுதி வீட்டுக்குக் கொண்டு சென்றிருந்தான். அடுத்த தவணையில் ஒருநாள், இடைவேளையின்போது அவன் தன் உணவுப் பெட்டியைத் திறந்தான். புட்டும், அதன்மேல் பாதி அவித்த முட்டையும் இருந்தன. மற்றப் பாதி தங்கைக்கு என்றான்.