ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் கதை

பெரிய கோயில்களின் வரலாற்றை அறிவது எளிது. அவற்றைக் கட்டிய மன்னர் பெயரும், பொருள் அளித்த செல்வர் பெயரும், கட்டி முடித்த ஆண்டும் ஏடுகளில் இருக்கும். சிறிய கோயிலின் நிலை வேறு. அதை யார் கட்டினார், எப்பொழுது கட்டினார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. அத்தகைய கட்டடத்தின் வரலாற்றை அதன் கற்களிடமே கேட்டு அறிதல் வேண்டும். அவ்வாறு கேட்டறியப்பட்ட ஒரு கதையை இங்குக் காண்போம்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹாம் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே வியர் ஆற்றின் பள்ளத்தாக்கில், பிஷப் ஆக்லந்து என்னும் நகரை அடுத்து, எஸ்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் நடுவே, வட்டமாகச் சுவர் சூழ்ந்த இடுகாட்டுக்குள், சிறிய கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. கோபுரம் இல்லை, உயர்ந்த கூர்முடி இல்லை, சிற்ப வரிசைகளும் இல்லை. இதுவே எஸ்கம் ஊரின் பங்குக் கோயில். புறத்தே நின்று பார்ப்பவர் இதனைப் பழைய களஞ்சியம் என்று எண்ணினாலும் வியப்பில்லை. ஆயினும், இங்கிலாந்தில் பெரும்பகுதி சிதையாமல் நிற்கும் மிகப் பழைய தேவாலயங்களுள் இதுவும் ஒன்று. கி. பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் முடிவு.

இம்முடிவுக்கு எழுத்துச் சான்று உண்டா எனின், இல்லை. அக்காலத்து ஆங்கில நாட்டுச் சமய வரலாற்றை எழுதியவர் பீடு என்னும் துறவி. அவர் வாழ்ந்த மடம் இருந்த ஜாரோ என்னும் ஊர் எஸ்கமுக்கு வடகிழக்கே, வெகு தொலைவில் அன்று. அவரும் எஸ்கம் கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஊரின் பெயரே 10ஆம் நூற்றாண்டின் இறுதியளவில்தான் ஆவணங்களில் தோன்றுகிறது. அப்படியானால், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே கோயில் எழுந்தது என்று எவ்வாறு துணிவது? இவ்வினாவுக்கு விடை காண, அக்காலத்தின் நிலையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனை ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் உரோமர் ஆண்டனர். அவர்கள் சாலைகள் அமைத்தனர், கற்கோட்டைகள் எழுப்பினர். கி. பி. 410ஆம் ஆண்டளவில் அவர்களது ஆட்சி அங்கு முடிவுற்றது. பின்னர்க் கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலரும் சாக்சனியரும் மரத்தால் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். கல்லை அடுக்கிச் சுண்ணச் சாந்திட்டுக் கட்டும் தொழில் அவர்களிடம் இல்லை. எஸ்கம் அடங்கிய வடபகுதி நார்தம்பிரியா என்னும் அரசாக இருந்தது. அதன் மன்னர் ஆசுவால்டு அழைக்க, 635ஆம் ஆண்டில் அயோனாத் தீவிலிருந்து எய்டன் என்னும் துறவி வந்து அங்குக் கிறித்தவ சமயத்தைப் பரப்பினார். அவர் வழிவந்தோரும் முதலில் மரத்தாலேயே கோயில் கட்டினர். லிண்டிசுபார்ன் தீவில் ஓக் மரத்தால் சுவர் அமைத்து நாணலால் கூரை வேய்ந்த கோயில் இருந்தது என்று பீடு கூறுகிறார்.

664ஆம் ஆண்டில் விட்பி என்னுமிடத்தில் கூடிய பேரவை, உரோமாபுரித் திருச்சபையின் வழக்கங்களைப் பின்பற்றுவதென முடிவு செய்தது. அதன் விளைவு கட்டடக் கலையிலும் தோன்றியது. பெனடிக்ட் பிஸ்காப் என்னும் துறவி 674ஆம் ஆண்டில் மங்க்வியர்மத் என்னுமிடத்தில் ஒரு மடத்தை நிறுவினார். அங்குக் கோயில் எழுப்ப, கால் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்சிலிருந்து, கல்தச்சரை வரவழைத்தார். ‘உரோமர் முறையில்’ கல்லால் கோயில் கட்டுவதே அவர் விருப்பம். ஜன்னல்களுக்குக் கண்ணாடி அமைப்போரும் அந்நாட்டிலிருந்தே வந்தனர். ஏனெனில் அத்தொழிலை அறிந்தவர் நார்தம்பிரியாவில் அன்று இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஜாரோவிலும் கோயில் எழுந்தது. அதன் அர்ப்பணக் கல் இன்றும் உள்ளது. அது குறிக்கும் ஆண்டு 685.

காலம் தெரிந்த இக்கோயில்களின் பழைய பகுதிகளோடு எஸ்கம் கோயிலை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். எஸ்கம் கோயில் இரண்டே பகுதிகளை உடையது. மக்கள் கூடி நிற்கும் கூடம் ஒன்று. அதன் கிழக்கே திருப்பீடம் அமைந்த சிற்றறை ஒன்று. கூடத்தின் நீளம் ஏறக்குறைய 43 அடி; அகலம் 14 அடிக்குச் சற்று மேல். நீளம் அகலத்தைப் போல் மும்மடங்கு இருத்தல் காண்க. அகலம் இவ்வளவு சுருங்கியிருந்தும் சுவர்கள் ஏறக்குறைய 23 அடி உயர்ந்து நிற்கின்றன. பீட அறையோ பத்தடிச் சதுரமே. நீண்டு, ஒடுங்கி, உயர்ந்து நிற்கும் இவ்வடிவம் நார்தம்பிரியாவின் முதற்காலக் கற்கோயில்களுக்கு உரியது. மங்க்வியர்மத்தில் எஞ்சி நிற்கும் பழைய பகுதியிலும் இதே அமைப்பைக் காணலாம். எனவே இரண்டும் ஒரே தலைமுறையைச் சேர்ந்த கட்டட முறையின் விளைவுகள் எனக் கொள்வது பொருந்தும்.

இனி ஜன்னல்களைக் காண்போம். தொடக்கத்தில் அமைந்த ஜன்னல்கள் ஐந்து இன்றும் உள்ளன. தென்சுவரில் இரண்டு, அவற்றின் தலைப்பகுதி வளைந்தது. வடசுவரில் இரண்டு, அவற்றின் தலைப்பகுதி தட்டையானது. ஐந்தாவது மேற்குச் சுவரின் முகட்டில் உள்ளது. எல்லாம் மிகச் சிறியவை, உயரத்தில் அமைந்தவை. ஆயின் உட்புறம் நோக்கி அகன்று விரிகின்றன. புறத்தே துளை சிறிதாக இருப்பதால் காற்றும் குளிரும் மிகுதியாக நுழைவதில்லை. உள்ளே விரிந்து அகல்வதால் நுழைந்த ஒளி பரவுகிறது. குளிர்நாட்டுத் தச்சர் கண்ட எளிய உபாயம் இது. 1968ஆம் ஆண்டு இங்கு நடந்த அகழ்வாய்வில் பழங்கால ஜன்னல் கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. கால் நாட்டிலிருந்து வந்த அத்தொழில் இச்சிற்றூரையும் எட்டியிருந்தது என்பதற்கு அவை சான்று.

தென்சுவரின் உயரத்தில் ஒரு நிழற்கடிகாரம் செதுக்கப்பட்டுள்ளது. அதில் மூன்று கோடுகள் உள்ளன. அதனைச் சூழ்ந்து ஒரு பாம்பின் உருவம் வளைந்து கிடக்கிறது. நாழிகை அனைத்தையும் காட்டுவது அதன் நோக்கமன்று. வழிபாட்டு வேளைகளை ஊரார்க்கு அறிவித்தலே அதன் பணி. கட்டிய காலம் முதல் இடம் பெயராமல் நிற்கும் நிழற்கடிகாரங்களுள் பிரிட்டனிலேயே மிகப் பழையது இது என்று கருதப்படுகிறது.

இக்கோயிலின் கற்கள் எங்கிருந்து வந்தன என்பது அடுத்த வினா. வடசுவரின் புறத்தே ஒரு கல் உள்ளது. அதில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயின் தலைகீழாக உள்ளன. நேராக்கிப் படித்தால், ‘ஆறாம் படை’ என்பதன் சுருக்கம் என அறியலாம். உரோமரின் ஆறாம் படை 122ஆம் ஆண்டளவில் பிரிட்டனுக்கு வந்து யார்க் நகரில் நிலைகொண்டது. அப்படையின் பெயர் பொறித்த கல், எளிய உழவர் தொழுத கோயிலின் சுவரில் தலைகீழாக ஏன் இருக்கிறது?

எஸ்கமுக்கு இரண்டு மூன்று மைல் தொலைவில் பின்செஸ்டர் என்னும் இடம் உள்ளது. உரோமர் காலத்தில் அங்கு வினோவியா என்ற கோட்டை இருந்தது. அவர்கள் சென்ற பின் கோட்டை பாழடைந்தது. கற்கோயில் கட்ட விரும்பிய எஸ்கம் மக்களுக்கு அக்கோட்டையே கற்சுரங்கம் ஆயிற்று. ஏற்கெனவே வெட்டிச் செதுக்கிய பெருங்கற்கள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து அடுக்கினர். உரோமத் தச்சர் தம் உளியால் இட்ட கட்டம் கட்டமான கொத்துவேலை சில கற்களில் இன்றும் தெரிகிறது. எழுத்துடைய கல்லைத் தலைகீழாக வைத்தவருக்கு அவ்வெழுத்தின் பொருள் தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது தெரிந்தும் அதற்கு மதிப்புக் கொடாமல் இருந்திருக்கலாம். அவருக்கு வேண்டியது நல்ல கல், அவ்வளவே.

கூடத்தையும் பீட அறையையும் இணைக்கும் வளைவே இக்கோயிலின் சிறந்த பகுதி. அதன் வாயில் ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட அகலமே உடையது; ஆனால் உயர்ந்து நிற்கிறது. வளைவின் கற்கள் ஒன்றோடொன்று நன்கு பொருந்தியுள்ளன. இது கோட்டையிலிருந்த உரோம வளைவே என்றும், கற்களைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மீண்டும் பொருத்தினர் என்றும் பலர் கருதுகின்றனர். அதைத் தாங்கும் நிலைக்கற்களின் அமைப்போ உள்ளூர் முறை. ஒரு நெடுங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் ஒரு பட்டைக்கல்லைச் சுவரின் ஊடே செல்லுமாறு படுக்க வைத்து, அதன்மேல் மீண்டும் ஒரு நெடுங்கல்லை நிறுத்தினர். படுத்த கல் சுவரைக் கவ்விப் பிடிக்கும். நின்ற கல் பாரத்தைத் தாங்கும். கட்டடக்கலை நூல்களில் இதற்கு ‘எஸ்கம் முறை’ என்றே பெயர் வழங்குகிறது. ‘உரோமர் முறையில்’ கோயில் அமைக்க விரும்பிய காலத்தில், உரோமர் வெட்டிய கல்லையே எடுத்து, தாம் அறிந்த முறையால் நிலைநிறுத்தினர் இம்மக்கள்.

இக்கோயிலை ஒத்தவை அக்காலத்தில் வேறு பல இருந்திருக்க வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை ஏன் மறைந்தன? இது ஏன் எஞ்சியது? போரும் தீயும் சிலவற்றை அழித்தன. ஆனால் பலவற்றை அழித்தது செல்வம். ஊர் வளர்ந்தது, பொருள் பெருகியது, பழைய சிறு கோயிலை இடித்துவிட்டுப் பெரிய கோயில் கட்டினர். எஸ்கமுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவுக்குள் டர்ஹாம் நகரின் பேராலயம் நிற்கிறது. 1093ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய அப்பேராலயம் உலகப் புகழ் பெற்றது. அங்கு முன்பிருந்த சாக்சன் காலத்துக் கோயில் அதற்கு இடமளித்து மறைந்தது. எஸ்கமுக்கு அத்தகைய செல்வம் வரவில்லை. இடைக்காலத்தில் கூர்நுனி ஜன்னல்கள் சில திறந்தனர், தெற்கே வாயில் மண்டபம் ஒன்று சேர்த்தனர், அவ்வளவே. பக்கச்சுவரைத் தகர்த்துக் கூடத்தை அகலமாக்கவும் இல்லை; கோபுரம் எழுப்பவும் இல்லை. கட்டடத்தின் மூலவடிவைக் காத்தது ஊரின் எளிமையே என்று சொல்லலாம்.

பன்னிரண்டு நூற்றாண்டுகள் பிழைத்த இக்கோயிலுக்குப் பேரிடர் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. நிலக்கரியும் இரும்பும் டர்ஹாம் மாவட்டத்தின் முகத்தை மாற்றின. 1846ஆம் ஆண்டில் அண்மையிலுள்ள விட்டன் பார்க்கில் இரும்பாலை தோன்றியது. தொழிலாளர் பெருகினர். பழைய கோயிலில் இடம் போதவில்லை. 1863ஆம் ஆண்டில் மேட்டின்மேல் புதிய கோயில் ஒன்று எழுப்பப்பட்டது. வழிபாடு அங்கே சென்றது. பழைய கோயில் கவனிப்பாரின்றிச் சிதையத் தொடங்கியது. இன்னும் சில ஆண்டுகள் அவ்வாறே விடப்பட்டிருந்தால், வினோவியாக் கோட்டைக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்திருக்கும். இதன் கற்களும் வேறு சுவர்களுக்குச் சென்றிருக்கும்.

நல்வினைப் பயனாக அதே காலத்தில் பழம்பொருள் ஆய்வில் ஆர்வம் வளர்ந்து வந்தது. இச்சிறு கட்டடம் சாக்சன் காலத்தது என்பதை அறிந்தோர் அதன் அருமையை எடுத்துரைத்தனர். 1875 முதல் 1880 வரை, கட்டடக் கலைஞர் ஆர். ஜே. ஜான்சனின் பொறுப்பில் அது பழுதுபார்க்கப்பட்டது. பழைய உருவைச் சிதைக்காமல் பழுதை மட்டும் நீக்கியதே அப்பணியின் சிறப்பு. பின்னர்க் காலம் ஒரு விந்தையை நிகழ்த்தியது. 1863ஆம் ஆண்டில் எழுந்த புதிய கோயில் நாளடைவில் பழுதுற்று, 1971ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. பழைய கோயிலே மீண்டும் ஊரின் பங்குக் கோயிலாயிற்று. இன்றும் அதில் வழிபாடு நடைபெறுகிறது.

புதியது அழிந்ததனால் பழையதே சிறந்தது என்று சொல்வது இங்கு நோக்கமன்று. மக்கள் பெருகியபோது பெரிய கோயிலை நாடியது குற்றமும் அன்று. புதியதைக் கட்டும்போது பழையதன் மதிப்பை அறியாமல் கைவிட்டதே குறை. எஸ்கம் கோயிலில் மன்னர் எவரும் முடிசூடவில்லை. பெரும்போர் எதுவும் அதன் வாயிலில் நடக்கவில்லை. ஆயினும் பெயர் தெரியாத ஊர்மக்கள் 7ஆம் நூற்றாண்டில் எவ்வாறு கல் சுமந்தனர், எவ்வாறு சுவர் எழுப்பினர், எந்த ஒளியில் நின்று தொழுதனர் என்பதை அது நமக்குக் காட்டுகிறது. பீடு எழுதாமல் விட்ட பக்கம் அது.

வரலாறு பயிலும் மாணவர்கள் இதிலிருந்து ஒரு பயிற்சியைக் கைக்கொள்ளலாம். பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால், அதன் அளவைக் குறியுங்கள். கல்லின் கொத்துவேலையைப் பாருங்கள். ஒரு சுவருக்கும் மற்றொரு சுவருக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குங்கள். பின்னர்ச் சேர்த்தது எது, முன்னரே இருந்தது எது எனப் பிரித்தறியுங்கள். காலம் தெரிந்த ஒன்றோடு அதனை ஒப்பிடுங்கள். எஸ்கம் கோயிலின் தொன்மையை அறிஞர்கள் கண்டறிந்தது இவ்வழியால்தான். அவ்வாறு கண்டறிந்ததனால்தான் அது காப்பாற்றப்பட்டது.